காப்புரிமை உள்ள மருந்தின் விலையை இறக்க ஒரு நாடு பேரம் பேசுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

2007-இல் பிரேசில் அரசு, எச்ஐவி நோயாளிகளுக்கு இலவசமாகத் தரும் எஃபாவிரென்ஸ் மாத்திரை ஒன்றுக்கு மெர்க் நிறுவனத்திடம் 1.59 டாலர் கொடுத்துக்கொண்டிருந்தது. அதே நிறுவனம் அதே மாத்திரையைத் தாய்லாந்துக்கு 65 சென்டுக்குக் கொடுத்தது. அதே மருந்தை வேறு நிறுவனங்கள் தயாரிக்கும் ஜெனரிக் மாத்திரை இந்தியாவிலிருந்து சுமார் 45 சென்டுக்குக் கிடைத்தது. எங்களுக்கும் தாய்லாந்து விலை வேண்டும் என்றது பிரேசில். 30 சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்றது மெர்க். மே 4 அன்று அதிபர் லூலா, காப்புரிமையாளரின் சம்மதம் இல்லாமலே மருந்தைத் தயாரிக்கவோ வாங்கவோ அனுமதிக்கும் கட்டாய உரிமத்தில் கையெழுத்திட்டார். காப்புரிமை மெர்க்கிடமே இருந்தது. ஆனால் அரசு வேறு இடத்தில் வாங்கிக்கொள்ள வழி பிறந்தது.

அந்தக் கையெழுத்தை விட, அதற்கு முந்தைய பத்து வருட ஏற்பாடுதான் கவனிக்க வேண்டியது. சட்டம் தயாராக இருந்தது, பொதுத்துறை மருந்து ஆலை இருந்தது, இந்தியாவில் விற்கத் தயாராக ஆட்கள் இருந்தார்கள், தெருவில் நோயாளிகள் அமைப்புகள் இருந்தன. "நீ தராவிட்டால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வேன்" என்று ஒரு நாடு சொல்லும்போது, எதிரில் இருப்பவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கணக்குப் போடுகிறார்: இவர்களால் உண்மையிலேயே முடியுமா? அந்தக் கேள்விக்கு முடியும் என்ற பதிலைத் தயார் செய்வதுதான் கீழே உள்ள படிகளின் நோக்கம். சுகாதாரத் துறையில் இருப்பவர், நோயாளிகள் அமைப்பில் வேலை செய்பவர், சட்ட மாணவர், செய்தியாளர் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

படி 1: உள்நாட்டுச் சட்டத்தைச் சரிபாருங்கள்

உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் என்ற அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம் 1995 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. விண்ணப்பித்த நாளிலிருந்து குறைந்தது 20 வருடம் காப்புரிமை, எந்தத் தொழில்நுட்பத் துறைக்கும் விதிவிலக்கு இல்லை என்பது அதன் மையம். அதே ஒப்பந்தத்தில் வாசல்களும் இருக்கின்றன. வெளிநாட்டில் மலிவாக விற்கப்படும் அசல் மருந்தையே வாங்கி வரும் இணை இறக்குமதி, காப்புரிமை முடியும் முன்பே ஜெனரிக் நிறுவனம் பரிசோதனையும் பதிவும் செய்துகொள்ள அனுமதி, கட்டாய உரிமம், அரசே தன் தேவைக்குக் காப்புரிமையைப் பயன்படுத்திக்கொள்ளும் அரசுப் பயன்பாடு.

இந்த வாசல்கள் தாமாகத் திறக்காது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தால்தான் அதிகாரி ஒருவர் அவற்றைப் பயன்படுத்த முடியும். இந்தியச் சட்டத்தில் பிரிவு 84 கட்டாய உரிமத்துக்கு, 92 அவசர நிலைக்கு, 100 அரசுப் பயன்பாட்டுக்கு, 107ஏ முன்கூட்டிய பரிசோதனைக்கும் இணை இறக்குமதிக்கும். உங்கள் சட்டத்தில் இவற்றுக்கு இணையானவை எங்கே என்று தேடுங்கள். இல்லையென்றால் பேரத்தை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சட்டம் எழுதுவதே சண்டையாகவும் மாறலாம். 1997-இல் தென்னாப்பிரிக்கா இணை இறக்குமதிக்கு வழிசெய்யும் திருத்தம் கொண்டுவந்ததும், மருந்து நிறுவனங்கள் 39 சேர்ந்து வழக்குத் தொடுத்தன. சிகிச்சை உரிமைக்கான அமைப்பான டிஏசி நீதிமன்றத்துக்கு உள்ளேயும் வெளியேயும் எதிர்த்து நின்றது. 2001 ஏப்ரல் 19 அன்று நிறுவனங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. எச்ஐவி மருந்துக்கு எதிராக வழக்காடும் நிறுவனம் என்ற பெயரை எந்த விளம்பரமும் கழுவாது என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகள் என்று ஐ.நா. வகைப்படுத்தியவற்றுக்கு, மருந்துக் காப்புரிமை தரவேண்டிய கட்டாயம் 2033 ஜனவரி 1 வரை இல்லை. உங்கள் நாடு அந்தப் பட்டியலில் இருந்தும் சட்டத்தில் காப்புரிமை தந்துகொண்டிருந்தால், முதலில் அதை நிறுத்துங்கள்.

படி 2: காப்புரிமையே செல்லுமா என்று பாருங்கள்

என் பார்வையில் பலரும் தாவிச் செல்லும் படி இதுதான். கட்டாய உரிமத்தில் காப்புரிமையாளருக்குத் தரும் ராயல்டி உண்டு, தூதரக அழுத்தம் உண்டு, தலைப்புச் செய்தி உண்டு. தகுதியில்லாத காப்புரிமையைத் தராமல் விட்டால் இவை எதுவும் இல்லை. காப்புரிமை அலுவலகத்தின் தேர்வாளர் ஒருவர் கோப்பில் எழுதும் உத்தரவோடு விஷயம் முடிகிறது.

ஒரு மருந்துக்கு ஒரு காப்புரிமை என்று நினைத்துவிடாதீர்கள். மூல மூலக்கூறுக்கு ஒன்று, அதன் உப்பு வடிவத்துக்கு ஒன்று, படிக வடிவத்துக்கு ஒன்று, இன்னொரு மருந்தோடு சேர்த்த கலவைக்கு ஒன்று என்று வருடங்கள் நீண்டுகொண்டே போகும். உங்கள் நாட்டில் எதற்கெல்லாம் விண்ணப்பம் போடப்பட்டுள்ளது, எது வழங்கப்பட்டது, எது காலாவதியானது என்ற பட்டியல் வேண்டும். நிறுவனங்களிடம் உரிமம் வாங்கி ஜெனரிக் தயாரிப்பாளர்களுக்குக் கொடுக்கும் மருந்துக் காப்புரிமைக் கூட்டமைப்பு நடத்தும் மெட்ஸ்பால் தரவுத்தளத்தில் தேடலாம். பிறகு உள்நாட்டுக் காப்புரிமை அலுவலகத்தில் உறுதிசெய்யுங்கள். விண்ணப்பமே போடப்படாத மருந்துக்குக் கட்டாய உரிமம் கேட்டு மாதக்கணக்கில் அலைவதை விட வீண்வேலை கிடையாது.

இந்தப் படியின் பெரிய முன்னுதாரணம் சென்னையில் பிறந்தது. ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. க்ளீவெக் என்ற பெயரில் அது மாதம் சுமார் 1,20,000 ரூபாய். உள்நாட்டு ஜெனரிக் 8,000 முதல் 10,000 ரூபாய். புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் ஜெனரிக் நிறுவனங்களும் காப்புரிமை வழங்கும் முன்பே ஆட்சேபம் தாக்கல் செய்தன. 2006 ஜனவரியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தெரிந்த பொருளின் புது வடிவம் நோயைக் குணப்படுத்தும் திறனைக் கூட்டினால்தான் காப்புரிமை என்று சொல்லும் பிரிவு 3(டி) அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நோவார்ட்டிஸ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2007 ஆகஸ்டில் அந்த மனு தள்ளுபடி. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்றது. புது வடிவம் உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்று நிறுவனம் வாதாடியது. அது மட்டும் போதாது, சிகிச்சைப் பலன் கூடியதாகக் காட்ட வேண்டும் என்பது நீதிமன்றத்தின் பதில்.

காசநோய் மருந்து பெடாக்விலினிலும் இதே பாதை. ஜான்சன் அண்ட் ஜான்சன் அதன் உப்பு வடிவத்துக்குக் கேட்ட காப்புரிமையை, காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள் எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. மூலக் காப்புரிமை அதே ஜூலையில் முடிந்தது. செப்டம்பரில் அந்த நிறுவனமே 134 நாடுகளில் இந்த மருந்தின் மீதமுள்ள காப்புரிமைகளை வலியுறுத்தப் போவதில்லை என்று அறிவித்தது. எகிப்தின் கதையும் சுருக்கமாக: ஹெபடைடிஸ் சி மருந்தான சோஃபோஸ்புவிருக்கு அங்கே காப்புரிமை மறுக்கப்பட்டது. அமெரிக்காவில் 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர். எகிப்துக்கு அதன் நிறுவனமான கிலியட் முதலில் கொடுத்த விலை 900 டாலர். உள்ளூர் ஜெனரிக் வந்தபின் 100 டாலருக்கும் கீழே போனது.

செய்ய வேண்டியவை: சட்டத்தில் கறாரான தகுதி விதி, யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கும் உரிமை, மருந்தியல் தெரிந்த தேர்வாளர்கள். மூன்றாவதுதான் கடினம். சம்பளம் குறைந்த, கோப்பு நிறைந்த அலுவலகத்தில் நல்ல சட்டமும் தூங்கிவிடும்.

படி 3: விலையையும் விற்பவரையும் கையில் வைத்திருங்கள்

2000-ஆம் ஆண்டு வாக்கில் எச்ஐவி கூட்டு மருந்து ஒரு நோயாளிக்கு வருடத்துக்கு 10,000 டாலருக்கும் மேல். 2001 பிப்ரவரியில் இந்திய ஜெனரிக் நிறுவனமான சிப்லாவின் யூசுஃப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு வருடம் 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். தயாரிக்கவே இவ்வளவு செலவாகிறது என்ற பேச்சு அன்றோடு அடிபட்டுப்போனது. பேரத்துக்குப் போகும் முன் உங்கள் கோப்பில் இப்படி ஓர் எண் இருக்க வேண்டும்: பக்கத்து நாடு என்ன விலைக்கு வாங்குகிறது, ஜெனரிக் விலை என்ன, மூலப்பொருள் விலை என்ன.

நிறுவனங்கள் விலை ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்கும். "உங்களுக்கு மட்டும் சிறப்பு விலை" என்பார்கள். எல்லா நாட்டிடமும் அதைத்தான் சொல்கிறார்கள். மருந்துகளின் நிகர விலையை நாடுகள் வெளியிட வேண்டும் என்று 2019-இல் உலகச் சுகாதாரப் பேரவை தீர்மானம் போட்டது. ரகசியக் கோரிக்கையை மறுக்க அதைக் காட்டலாம்.

அடுத்தது விற்பவர். உரிமம் கொடுத்தபின் மருந்து எங்கிருந்து வரும்? பிரேசிலுக்கு அரசின் ஃபார்மாங்கின்யோஸ் ஆலை இருந்தது. ஆனாலும் எஃபாவிரென்ஸை அங்கே தயாரிக்க 2009 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த மாத்திரைதான் நோயாளிகளைக் காப்பாற்றியது. ஆகவே தரச் சான்று உள்ள தயாரிப்பாளரிடம் விலை, அளவு, அனுப்பும் காலம் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். உங்கள் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் அவருடைய பதிவையும் முன்பே முடித்துவையுங்கள். தரத்தைச் சோதித்து உலகச் சுகாதார நிறுவனம் தரும் முன்தகுதி பெற்றவரானால் வேலை பாதி குறையும்.

ஆலையே இல்லாத நாட்டுக்கு இது இன்னும் சிக்கல். கட்டாய உரிமத்தில் தயாரிப்பது பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தைக்கே என்று ட்ரிப்ஸ் பிரிவு 31(எஃப்) சொல்கிறது. இதைத் தளர்த்த 2003 ஆகஸ்ட் 30-இல் ஒரு முடிவு வந்தது. 2017-இல் ஒப்பந்தத் திருத்தமாகவே சேர்ந்தது. அதன் வழியே இதுவரை போன மருந்து ஒன்றே ஒன்று: கனடாவின் அபோடெக்ஸிடமிருந்து ருவாண்டாவுக்கு 2008, 2009-இல் போன எச்ஐவி கூட்டு மாத்திரை. அறிவிக்கை, தனி அடையாளம், அளவுக் கட்டுப்பாடு, இரண்டு நாட்டிலும் உரிமம் என்று அத்தனை முடிச்சு. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். மருந்துக்குக் காப்புரிமை இல்லாத நாட்டிலிருந்து இறக்குமதி செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. 2005 வரை இந்தியா மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை, தயாரிப்பு முறைக்கு மட்டுமே தந்தது. பிரேசிலும் தாய்லாந்தும் மிரட்ட முடிந்ததற்கு அந்தப் பழைய சரக்குதான் காரணம். 2005-க்குப் பின் வந்த புதிய மருந்துகளுக்கு இந்தியாவிலும் காப்புரிமை உண்டு. அடுத்த பேரத்துக்கு ஜெனரிக் தயாராக இருக்கும் என்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

படி 4: மேசையில் உட்காருங்கள்

சுகாதாரம், நிதி, வர்த்தகம், வெளியுறவு நான்கு அமைச்சகமும் ஒரே குரலில் பேச வேண்டும். நிறுவனத்தின் ஆள் சுகாதார அமைச்சரிடம் சிரித்துவிட்டு நேரே வர்த்தக அமைச்சரைப் பார்க்கப் போவார். அங்கே விரிசல் இருந்தால் பேரம் அன்றே முடிந்தது.

சாதாரண கட்டாய உரிமத்துக்கு முன், நியாயமான நிபந்தனையில், நிறுவனமே சம்மதித்துத் தரும் விருப்ப உரிமம் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். தேசிய அவசர நிலை, மிகு அவசரம், வணிக நோக்கில்லாத அரசுப் பயன்பாடு ஆகியவற்றுக்கு அந்த நிபந்தனை கிடையாது. கொள்ளைநோய் வந்தால்தான் கட்டாய உரிமம் என்பது பரவலான தவறான நம்பிக்கை. எந்தக் காரணத்துக்காக உரிமம் தருவது என்பதை நாடே முடிவு செய்யலாம் என்று உலக வர்த்தக அமைப்பின் 2001 நவம்பர் 14-இன் தோஹா பிரகடனம் தெளிவாகச் சொல்கிறது. அதற்குச் சில வாரம் முன்புதான் ஆந்த்ராக்ஸ் பயத்தில் அமெரிக்கா, பேயரின் சிப்ரோ மருந்துக் காப்புரிமையை மீறுவோம் என்று சொல்லி மாத்திரை விலையைப் பாதியாக்கியிருந்தது. அமெரிக்கத் தூதர் யாராவது உங்களுக்கு அறிவுரை சொல்ல வந்தால் இதை நினைவுபடுத்தலாம்.

கடிதமாக எழுதுங்கள், கெடு வையுங்கள், பதிலைக் கோப்பில் சேருங்கள். தள்ளுபடி வந்தால் எவ்வளவு காலத்துக்கு, விலை மேலும் இறங்குமா என்று கேளுங்கள். பிரேசில் 2001-இல் எச்ஐவி மருந்தான நெல்ஃபினாவிர் விஷயத்தில் மிரட்டி ரோஷிடமிருந்து 40 சதவீதம் குறைப்பு வாங்கியது. 2005-இல் அபாட் நிறுவனத்தின் எச்ஐவி மருந்தான கலெட்ராவுக்கும் மிரட்டல், பிறகு சமரசம்: 1.17 டாலரிலிருந்து 63 சென்ட், ஆனால் பல வருடத்துக்கு அந்த விலையிலேயே உறைந்தது. நோயாளிகள் அமைப்புகள் கோபப்பட்டன. அது நியாயமான கோபம். மிரட்டுவார்கள், கையெழுத்து போடமாட்டார்கள் என்று நிறுவனங்கள் கற்றுக்கொண்டிருந்தன. 2007-இல் மெர்க் 30 சதவீதத்தோடு நின்றதற்கு இந்தப் பாடமும் காரணம் என்பது என் ஊகம்.

விருப்ப உரிமம் கிடைத்தால் நல்லதுதான், நாட்டுப் பட்டியலைப் பாருங்கள். 2010-இல் தொடங்கிய மருந்துக் காப்புரிமைக் கூட்டமைப்பின் உரிமங்களால் டொலுடெக்ராவிர் போன்ற எச்ஐவி மருந்து ஏழை நாடுகளுக்கு மலிவாகப் போய்ச் சேர்ந்தது. நடுத்தர வருமான நாடுகள்தான் அடிக்கடி விடுபடுகின்றன. எச்ஐவி தடுப்பு ஊசி லெனகாபாவிருக்கு 2024 அக்டோபரில் கிலியட் 120 நாடுகளுக்கு ஜெனரிக் உரிமம் கொடுத்தது. பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு அதில் இல்லை. அந்த ஊசியின் சோதனைக்கு உடல் கொடுத்தவர்கள் அந்த நான்கு நாடுகளிலும் இருந்தார்கள். பட்டியலுக்கு வெளியே நிற்பவர் என்ன செய்யலாம் என்பதை மலேசியா காட்டியது. சோஃபோஸ்புவிர் பட்டியலில் இல்லாததால் அரசுப் பயன்பாட்டு உரிமத்துக்கு அது வேலையைத் தொடங்கியது. 2017 ஆகஸ்டில் கிலியட் அவசரமாக மலேசியாவைப் பட்டியலில் சேர்த்தது. செப்டம்பரில் மலேசியா அதையும் மீறி உரிமத்தை வழங்கியது.

படி 5: உரிமத்தை ஓட்டையில்லாமல் எழுதுங்கள்

ராயல்டிக்கு நிலையான விகிதம் இல்லை. தாய்லாந்து 0.5 சதவீதம், பிரேசில் 1.5 சதவீதம். இந்தியாவில் சோராஃபெனிப் புற்றுநோய் மருந்துக்கு நாட்கோ நிறுவனத்துக்கு 2012 மார்ச் 9 அன்று கொடுத்த உரிமத்தில் 6 சதவீதம், மேல்முறையீட்டில் 7. பேயர் மாதத்துக்கு 2,80,428 ரூபாய்க்கு விற்றதை நாட்கோ 8,880 ரூபாய்க்குத் தந்தது. அந்த வழக்கில், காப்புரிமையை நாட்டில் எந்த அளவு பயன்படுத்துகிறார்கள் என்று நிறுவனமே தாக்கல் செய்ய வேண்டிய அறிக்கை பெரிய ஆதாரமாக அமைந்தது. உங்கள் சட்டத்தில் அப்படி ஓர் அறிக்கை கட்டாயமா என்று பாருங்கள்.

மருந்தைத் தொடும் எல்லாக் காப்புரிமைகளையும் உரிமத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். காலத்தை மாதக்கணக்கில் சுருக்காதீர்கள். குறுகிய உரிமத்துக்கு எந்த ஆலையும் இயந்திரத்தை ஓட்டாது. அசல் நிறுவனத்தின் ஆய்வுத் தரவை வைத்து ஜெனரிக்கைப் பதிவு செய்ய விடாத ஏகபோகம் (ஆய்வுத் தரவு ஏகபோகம்) உங்கள் நாட்டில் இருந்தால், இந்த மருந்துக்கு அது பொருந்தாது என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் கையில் உரிமம் இருக்கும், பதிவு கிடைக்காது.

இந்தியாவை வீரனாக நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். நாட்கோவுக்குப் பின் எந்த மருந்துக்கும் இந்தியா கட்டாய உரிமம் தந்ததில்லை. 2020 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவோடு சேர்ந்து கோவிட் தடுப்பூசிக்கும் மருந்துக்கும் காப்புரிமை விலக்கு கேட்டது ஜெனீவாவில், உலக வர்த்தக அமைப்பில். 2021 மே மாதம், சொந்தச் சட்டத்தின் பிரிவுகளைப் பயன்படுத்தலாமே என்று உச்ச நீதிமன்றம் கேட்டபோது, இப்போது அது எதிர்விளைவைத் தரும் என்று பதில் சொன்னது டெல்லியில்.

படி 6: பதிலடிக்குத் தயாராகுங்கள்

தாய்லாந்து 2006 நவம்பர் முதல் 2007 ஜனவரி வரை எஃபாவிரென்ஸ், கலெட்ரா, இதய நோய்க்கான க்ளோபிடோக்ரல் மூன்றுக்கும் அரசுப் பயன்பாட்டு உரிமம் கொடுத்தது. மார்ச்சில் அபாட் ஏழு புதிய மருந்துகளின் பதிவு விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றது. குளிர்பெட்டி தேவைப்படாத புதிய கலெட்ராவும் அதில் ஒன்று. வெப்ப நாட்டு நோயாளிக்கு அது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் இறுதியில் அமெரிக்கா, காப்புரிமையைப் போதுமான அளவு பாதுகாக்கவில்லை என்று தான் கருதும் நாடுகளின் முன்னுரிமைக் கண்காணிப்புப் பட்டியலில் தாய்லாந்தைச் சேர்த்தது. சுகாதார அமைச்சர் மோங்கோல் நா சோங்க்லா முன்பே ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டிருந்தார்: எந்தச் சட்டப்படி, எத்தனை பேருக்கு, என்ன செலவில் என்று எல்லாம் அதில். அதனால் திருட்டு என்ற பட்டம் ஒட்டவில்லை. அபாட்டும் கலெட்ரா விலையை வருடத்துக்கு 1,000 டாலராகக் குறைத்தது. தாய்லாந்துக்கு மட்டுமல்ல, நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு.

2016-இல் கொலம்பியா இமாட்டினிப்புக்கு உரிமம் யோசித்தபோது, அமெரிக்காவின் அமைதித் திட்ட நிதிக்கு ஆபத்து வரலாம் என்று வாஷிங்டனில் உள்ள கொலம்பியத் தூதரகம் எழுதிய கடிதங்கள் வெளியே கசிந்தன. உரிமம் வரவில்லை, விலைக் கட்டுப்பாட்டால் விலை இறங்கியது. 2024 ஏப்ரலில் டொலுடெக்ராவிருக்குத் தன் முதல் கட்டாய உரிமத்தைக் கொலம்பியா கொடுத்தது.

கண்காணிப்புப் பட்டியல் அமெரிக்காவின் சொந்த ஆவணம், உலக வர்த்தக அமைப்பின் தீர்ப்பு அல்ல. மருந்துக்குக் கட்டாய உரிமம் கொடுத்ததற்காக எந்த வளரும் நாடும் அந்த அமைப்பில் தோற்றதில்லை. பிரேசில் சட்டத்துக்கு எதிராக அமெரிக்கா கொண்டுபோன புகாரையும் 2001 ஜூனில் திரும்பப் பெற்றுக்கொண்டது. வெளியுறவு அதிகாரிகள் பதறும்போது இந்த இரண்டு தகவலையும் ஒரு பக்கக் குறிப்பாக அவர்கள் கையில் கொடுங்கள்.

படி 7: வர்த்தக ஒப்பந்தத்தில் திறந்த வாசலை மூடிவிடாதீர்கள்

ஜெனீவாவில் கூட்டாக நின்றால் பலம். தோஹா பிரகடனம் ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றாகக் கேட்டதால் வந்தது. இருநாட்டு ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாடும் தனியாக உட்கார்கிறது. ஜவுளிக்கும் இறாலுக்கும் வரி குறைய வேண்டும் என்று ஏற்றுமதியாளர்கள் நெருக்குவார்கள், மருந்து அத்தியாயம் கடைசி இரவில் கைமாறும். 2024 மார்ச் 10-இல் இந்தியா, சுவிட்சர்லாந்தும் நார்வேயும் உள்ளிட்ட ஐரோப்பியத் தடையில்லா வர்த்தகச் சங்க நாடுகளோடு ஒப்பந்தம் செய்தது. அடுத்த சில நாட்களில் திருத்தப்பட்ட காப்புரிமை விதிகள் வந்தன: முன்கூட்டிய ஆட்சேபத்துக்குக் கட்டணம், பயன்பாட்டு அறிக்கை வருடம் ஒருமுறை என்பது மூன்று வருடத்துக்கு ஒருமுறை. 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தத்தில், மருந்து கிடைக்கச் செய்ய விருப்ப உரிமமே விரும்பத்தக்க வழி என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கிறது. அதனால் கட்டாய உரிமம் தடையாகாது. ஆனால் நாளை ஒரு கோப்பு மேசைக்கு வரும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் வாசிப்பது அந்த வரியாகத்தான் இருக்கும்.

வரைவு கிடைத்ததும் நான்கு இடங்களைத் தேடுங்கள்: ஆய்வுத் தரவு ஏகபோகம், 20 வருடத்தைத் தாண்டிய கால நீட்டிப்பு, காப்புரிமை இருக்கும்வரை ஜெனரிக் பதிவைத் தடுக்கும் இணைப்பு, நிறுவனம் அரசின் மேல் வழக்குத் தொடுக்கும் முதலீட்டுப் பிரிவு. பொதுச் சுகாதாரத்தைப் பாதுகாப்பதை இந்த ஒப்பந்தம் தடுக்காது என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி தருவார்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி பதிவை மறுக்கும்போது அந்த வரி உதவாது. கட்டாய உரிமம் பெற்ற மருந்துக்குத் தரவு ஏகபோகம் பொருந்தாது என்று வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். பேச்சுவார்த்தைக் குழுவில் முதல் சுற்றிலிருந்தே சுகாதார அமைச்சகத்தின் ஆள் ஒருவர் இருக்கட்டும். அவர் கையொப்பம் இல்லாமல் அந்த அத்தியாயம் அமைச்சரவைக்குப் போகக் கூடாது என்று பேச்சு தொடங்கும் முன்பே உத்தரவாக வாங்கிவிடுங்கள்.